ஆசீர் தொடாத பீட்ரூட்

ஆசீரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவன் இந்தப் படிக்கட்டில்தான் இறங்கிக்கொண்டிருந்தான். பார்த்து வாருங்கள் சார், நீங்கள் நிற்கிற படி கொஞ்சம் ஆடும். கக்கத்தில் ஒரு கட்டு பீட்ரூட் கீரை வைத்திருந்தான். பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தான். தண்டு மட்டும் மஞ்சளாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் மேலே பாத்தியில் கொத்திக்கொண்டு நின்றேன்.

"மாட்டுக்குத்தான் அத்தான்" என்றான். நான் கேட்கவே இல்லை.

"திங்குதா மாப்ள?"

"திங்குதாவா? மஞ்சளுக்கு ஈடு எதுவுமே இல்லைங்குது."

அவ்வளவுதான். மறுநாள் காலையில் மார்க்கெட் முக்கில் டீ குடிக்க உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது. டீ பாதி அப்படியே இருந்ததாம். இத்தனை வருஷம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வாழ்ந்த மனிதன், என்னிடம் கடைசியாகப் பேசிவிட்டுப் போனது ஒரு மாட்டைப் பற்றி. அதுவும் அவனுடைய மாடு இல்லை.

இந்தப் போர்ஷன் அவனுடையது. இப்போது என் மகள் பேரில் இருக்கிறது. சமையலறை இதுதான். ஜன்னல் கிழக்கே பார்க்கும். காலையில் வெயில் வரும். குன்னூரில் பனி நாளில் அது பெரிய விஷயம் சார், நீங்கள் கீழ்நாட்டுக்காரர், டிசம்பரில் தெரிந்துகொள்வீர்கள். வாடகை, தண்ணீர் எல்லாம் அப்புறம் சொல்கிறேன், உட்காருங்கள். முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் பீட்ரூட் சாப்பிடுவீர்களா? சும்மாதான் கேட்கிறேன். போன வாரம் பாங்க்காரர் ஒருத்தர் வந்தார். அவரிடமும் கேட்டேன். "எங்க வீட்ல யாருக்கும் அது ஆகாதுங்க" என்றார். நல்ல மனிதர்தான். வீட்டில் கரையான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கரையான் எல்லாம் இல்லை.

ஆசீர் என் மனைவி புஷ்பத்தின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேலே இருக்கிறதே போர்டிங் ஸ்கூல், அங்கே மெஸ்ஸில் சமையல் மாஸ்டர். நான் தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். சுவருக்கு அந்தப் பக்கம் சமையல் தெரிந்தவன், இந்தப் பக்கம் வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதவன். புஷ்பம் போன பிறகு எங்கள் சர்ச் சபையில் எல்லாரும் என்ன நினைத்தார்கள் என்றால், இனி ஆசீர் எனக்கும் சேர்த்து உலை வைத்துவிடுவான் என்று. அவனும் வந்து கேட்டான். "ஒரு ஆழாக்கு கூடப் போட்டா ஆச்சு அத்தான். வந்து சாப்பிட்டுட்டுப் போங்க." நான் முடியாது என்றேன். ரோஷம். எதற்கு ரோஷம், யார் மேல் ரோஷம், எனக்கே விளங்கவில்லை. பெண்டாட்டி செத்ததற்கு அவளுடைய தம்பி மேல் கோபப்பட்டவனை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். இதோ பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நானே சமைத்தேன். ஒவ்வொரு காயாக முயன்று, ஒவ்வொரு காயாகத் தோற்று, கடைசியில் பீட்ரூட்டில் வந்து நின்றேன். அந்தக் காய்க்கு ஒரு பெருந்தன்மை உண்டு சார். கரிந்தால் தெரியாது. வேகாமல் போனாலும் மென்றுவிடலாம். உப்பு கூடினால் அதன் இனிப்பு சமாளித்துக்கொள்ளும். நிறம் எல்லாத் தப்பையும் மூடிவிடும். எனக்கென்றே கர்த்தர் படைத்த காய். சரி, இதை ஏன் கடையில் வாங்க வேண்டும், பின்னால் சரிவில் இடம் சும்மாதானே கிடக்கிறது என்று விதை போட்டேன்.

ஆனால் ஆசீர் பீட்ரூட் சாப்பிடமாட்டான். இதுதான் கதையே. மெஸ்ஸில் வருஷக்கணக்காக அதை வெட்டியவன். பிள்ளைகள் அதைத் தட்டுக்கு அடியில் ஒளிக்கும், பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய் ஜன்னல் வழியாக எறியும், மெஸ் சுவர் வெளிப்பக்கம் எப்போதும் சிவப்பாகவே இருக்கும் என்பான். அவன் விரல் நுனியும் அப்படித்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணுடைய அம்மா அவன் கையைப் பார்த்துவிட்டு, "தம்பிக்குத் தோல்ல ஏதாவது..." என்று இழுத்தார்களாம். அதற்குப் பிறகு அவன் பெண் பார்க்கப் போகவில்லை. ரிட்டயரான அன்றைக்கு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, புஷ்பம் முன்னால், என் முன்னால் சொன்னான்: "அக்கா, இனி சாகுற வரைக்கும் பீட்ரூட்ட நான் தொடமாட்டேன்." புஷ்பம் சிரித்தாள். "நீ தொடாட்டி அதுக்கு என்னலே நஷ்டம்" என்றாள்.

எனக்குத்தான் நஷ்டம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

முதல் வருஷம் போட்ட விதை ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு முளை கிளம்பிவிட்டது. பீட்ரூட் விதை ஒற்றை விதை இல்லை சார், சின்னக் கொத்து. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் பிடுங்கியிருக்கமாட்டேன். இவ்வளவு ஆசையாக முளைத்ததை எப்படிப் பிடுங்குவது? எல்லாவற்றையும் வளர விட்டேன். ஃபாக்டரியில் மெஷினுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி தினமும் தண்ணீர் விட்டேன். தோண்டினால் ஒவ்வொரு இடத்திலும் எலிவால் எலிவாலாகக் கொத்தாக வந்தது. ஆசீர் அந்த வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான்.

"என்ன அத்தான், சுண்டெலி வளக்கீங்களா?"

"கிழங்கு பிடிக்க நாளாகும்."

"கூட்டுக் குடித்தனம் வச்சா எங்கேருந்து பிடிக்கும்? ஒண்ணை விட்டுட்டு மத்ததை எடுங்க. இளசா இருக்கும்போதே எடுத்தா கீரையாவது ஆகும்."

"நீதான் தொடமாட்டியே. உனக்கெதுக்கு?"

"எனக்கு எதுக்கு? மாதி அம்மா மாட்டுக்குச் சொன்னேன்" என்றான்.

கீழே ஓடு போட்ட வீடு தெரிகிறதா, அதுதான் மாதி அம்மா வீடு. படகர் வீடு. ஒரு மாடு வைத்திருக்கிறார்கள். சரிவு அதிகம், எனக்கு முட்டிவலி, அந்தப் பக்கம் நான் இறங்குவதே இல்லை. அன்றிலிருந்து முளை நெருக்கத்தைக் கலைத்துக் கீரை பிடுங்குகிற போதெல்லாம் ஆசீர் வந்து வாங்கிப்போவான். மாட்டுக்கு. முற்றியதைக் கொடுத்தால் எடுக்கமாட்டான். "இது முத்தல் அத்தான், மாடு திங்காது, இளசாப் பாத்துக் குடுங்க." அடியில் சின்னக் கிழங்கு ஒட்டிக்கொண்டிருந்தால், "அதை வெட்டாதீங்க, கிடக்கட்டும், மாடுதானே" என்பான். அந்த அளவுக்கு நாக்கு படைத்த மாடு.

அடுத்த வருஷம் கிழங்கு பிடித்தது. சும்மா பிடிக்கவில்லை, மார்க்கெட்டில் இருக்கிற கிழங்கை விட நன்றாகவே பிடித்தது. சபையில் நாலு பேருக்குக் கொடுத்தேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் சொல்லி என்ன சார்? ஓசியில் வந்ததை யார் குறை சொல்லுவார்? எனக்கு வேண்டியது ஆசீர் வாயால் ஒரு வார்த்தை. 'அத்தான், உங்க பீட்ரூட் நல்லாருக்கு.' இவ்வளவுதான். சமையல் மாஸ்டர் அவன். கொதிக்கிற வாசனையை வைத்து அடுத்த தெருச் சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்கிறவன். அவன் ஒரு துண்டை வாயில் போட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் நான் பாட்டுக்கு மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டு கிடந்திருப்பேன். சொல்லமாட்டேன் என்றான். சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொல்லமாட்டேன் என்றான்.

பெங்களூரில் இருக்கிற என் மகள் ஹெப்சிபாவிடம் புலம்பினேன். அவள், "அப்பா, பீட்ரூட்ல வேற வேற ரகம் இருக்கு, மாமாவுக்குச் சிவப்புதானே வெறுப்பு" என்று விதைப் பாக்கெட்டுகள் அனுப்பிவைத்தாள். பாருங்கள், எவ்வளவு புத்திசாலிப் பெண். அப்பா பைத்தியத்தைத் தெளிய வைக்காமல் அதற்குத் தீனி போட்டாள்.

மஞ்சள் ரகம் ஒன்று. அது முளைப்பதற்குள் உயிர் போய்விடும், போட்டதில் பாதிதான் வரும். ஆனால் வந்தால் தங்கம். கையில் ஒட்டாது, மண் வாடை குறைவு. பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் பரங்கிக்காயா என்று கேட்பார்கள். வெள்ளை ஒன்று. பார்த்தால் முள்ளங்கி, கடித்தால் கரும்பு. நீளமாக உருளை போல் ஒன்று, காசு காசாக வெட்டி வதக்கலாம், முதலும் கடைசியும் ஒரே அளவாக வரும். ஃபிட்டருக்கு அது ரொம்பப் பிடித்த ரகம். பிறகு ஒன்று இருக்கிறது, வெளியே சாதாரணமாகத்தான் இருக்கும், குறுக்கே வெட்டினால் உள்ளே வெள்ளையும் ரோஜாவுமாக வட்டம் வட்டமாக இருக்கும். முதல்முறை வெட்டியபோது எனக்கு மயக்கமே வந்துவிட்டது. ஓடிப்போய் ஆசீரைக் கூப்பிட்டேன். கூப்பிடுவதற்கு முன்னால் அதைச் சட்டியில் போட்டுவிட்டேன். அவன் வந்து மூடியைத் திறந்தால் எல்லாம் ஒரே வெளிர் நிறம்.

"வட்டத்தைக் காணோமே அத்தான்."

"இருந்துச்சு மாப்ள. சத்தியமா இருந்துச்சு."

"வேக வச்சா போயிரும். பச்சையாத்தான் வெட்டி வைக்கணும், உப்பும் எலுமிச்சையும் போட்டு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"சமையக்காரனுக்குத் தெரியாதா?" என்று மூடியை மூடிவிட்டுப் போனான். ஒரு துண்டு எடுத்துப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன், எடுக்கவில்லை.

சரி, ஏமாற்றியாவது ஊட்டிவிடுவோம் என்று வெள்ளையைப் போட்டு முள்ளங்கிச் சாம்பார் என்று சொல்லித் தூக்குவாளியில் கொடுத்து அனுப்பினேன். சின்னப்பிள்ளைக்கு மருந்தைத் தேனில் குழைக்கிற மாதிரி. சாயங்காலம் வாளி கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது.

"எப்படி மாப்ள சாம்பார்?"

"மாட்டுக்கு ஊத்திட்டேன் அத்தான்."

"முழுசாவா?"

"முழுசா. உப்பு ஒரு கல்லு கம்மின்னு சொல்லுச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு வாளியை விட்டெறிந்திருப்பேன். ஆனால் யோசித்தால் மாடு சொன்னதும் சரிதான், அன்றைக்கு உப்பு கம்மி. அதற்குப் பிறகு அந்த மாட்டின் மேல் எனக்கு ஒரு மரியாதை. வேடிக்கையாக இல்லை சார், நிஜமாகவே. ஆசீர்தான் வாயைத் திறக்கமாட்டான், மாடாவது திறக்கிறதே. நானும் கேட்க ஆரம்பித்தேன். "இந்தத் தடவை கீரை எப்படியாம்?" "கொஞ்சம் கசப்பாம் அத்தான், எரு கூடிப்போச்சாம்." எருவைக் குறைத்தேன். "தண்டு நாராயிருக்காம், தண்ணி பத்தலையாம்." தண்ணீர் விட்டேன். ஆச்சரியம் என்னவென்றால் மாடு சொன்னபடி செய்தால் கிழங்கு நன்றாக வந்தது. ஃபாக்டரியில் இன்ஜினியர் பேச்சையே கேட்காதவன், ஒரு மாட்டின் பேச்சைக் கேட்டு உரம் போட்டேன். ஒருமுறை காட்டெருமைக் கூட்டம் இறங்கி வந்து பக்கத்துத் தோட்டத்து முட்டைக்கோஸை எல்லாம் தின்றுவிட்டு என் பாத்தியை மட்டும் விட்டுப் போனது. "காட்டு மாடு கூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சே அத்தான்" என்றான் ஆசீர். "வீட்டு மாடு திங்குதுல்ல, அது போதும்" என்றேன்.

ஆஸ்பத்திரி விஷயம் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் இதையும் சொல்லிவிட வேண்டும், கக்கூஸ் பின்னால் இருக்கிறது, இரண்டு போர்ஷனுக்கும் பொது. அப்புறம் சொல்லவில்லை என்று சொல்லக்கூடாது. ஒரு நாள் காலையில் ஆசீர் வெளியே வந்தான், நான் உள்ளே போனேன். தண்ணீர் சரியாக ஊற்றவில்லை. வெள்ளைப் பீங்கானில் சிவப்பு.

பீட்ரூட் தின்றால் அப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா? எனக்கே எத்தனை முறை போயிருக்கிறது. அதனால்தான் சார் பயம். தின்கிறவனுக்குப் போனால் அது பீட்ரூட். தொடாதவனுக்குப் போனால் அது ரத்தம்தானே? நான் அந்த வாரம் வயிறு சரியில்லாமல் வெறும் கஞ்சி. ஆக அது அவனுடையதுதான். புஷ்பத்துக்கும் இப்படித்தான் ஒன்றும் இல்லை ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்தது.

"கிளம்புலே ஆஸ்பத்திரிக்கு" என்றேன்.

"எதுக்கு அத்தான்?"

"எதுக்குன்னு உனக்கே தெரியும்."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். எவ்வளவோ மறுத்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, "நேத்து பீட்ரூட் ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார். ஆசீர் என்னைப் பார்த்தான். பிறகு டாக்டரைப் பார்த்தான். பிறகு மேலே ஃபேனைப் பார்த்தான்.

"நான் பீட்ரூட்டைத் தொடுறதில்லை டாக்டர்."

"யோசிச்சுச் சொல்லுங்க. கொஞ்சமாக்கூட?"

"டாக்டரம்மா," என்றேன் நான், "இவன் பீட்ரூட் தின்னு நான் பாத்ததில்லை. நான் பக்கத்து வீடு. நான் சாட்சி."

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதிக் கொடுத்தார். ரத்தம், சிறுநீர், ஸ்கேன். குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு ஆசீர் பெஞ்சில் முட்டியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றுமே இல்லை என்று வந்தது. டாக்டர் ரிப்போர்ட்டை மடித்து அவன் கையில் கொடுத்து, "இனிமே யார் கேட்டாலும் உண்மையச் சொல்லுங்க" என்று மெதுவாகச் சொன்னார். என்ன உண்மையோ. இந்தக் காலத்து டாக்டர்களுக்கு ஒன்றும் பிடிபடாவிட்டால் நோயாளி மேல் பழி போட்டுவிடுகிறார்கள். பஸ்ஸில் வரும்போது ஆசீர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

இப்போது என் பெரிய தோல்விக்கு வருகிறேன். தோல்வி இல்லை, அன்றைக்கு நான் ஜெயித்தேன். அதுதான் சங்கடம்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை உண்டு. அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்போம். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். பணம் கோயிலுக்கு. போன வருஷம் எனக்கு விளைச்சலென்றால் விளைச்சல். எல்லா ரகத்திலும் பார்த்துப் பார்த்து எடுத்து, கழுவி, ஒரு கூடையில் அடுக்கினேன். வட்ட ரகத்தில் ஒன்றைப் பாதியாக வெட்டி மேலே வைத்தேன். பச்சையாகத்தான் சார், அந்தப் பாடம் படித்துவிட்டேனே. பெண்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மா விரலால் தேய்த்துப் பார்த்து, "சாயமா அண்ணே?" என்று கேட்டார். போதகர் ஐயாவே ஜெபத்தில் 'பலவர்ணமான கனிகளுக்காக' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். கிழங்கைக் கனி என்று சொன்னாலும் பரவாயில்லை, நான் மன்னித்துவிட்டேன்.

ஏலம் விட்டவர் சபைச் செயலாளர் பொன்னுசாமி. கோழி போனது, பூசணி போனது, யாரோ செய்த கேக் போனது. என் கூடையைத் தூக்கினார். ஒரு குரல் முதலில் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஆசீர்.

சில்வர் ஓக் மரத்தை ஒட்டி நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல், கையைத் தூக்கினான். எனக்குக் காது சூடாகிவிட்டது. நீங்களே சொல்லுங்கள். பீட்ரூட் தொடாதவனுக்கு ஒரு கூடை பீட்ரூட் எதற்கு? ஊர் முன்னால் வாங்கி, ஊர் முன்னால் கொண்டுபோய் மாட்டுக்குப் போடத்தானே? 'அத்தான் பண்டிகைக்குக் கொண்டு வந்த பீட்ரூட்டை மாடு தின்னுச்சு' என்று சாகும்வரை சொல்லிக் காட்டத்தானே? கீரை போகட்டும், சாம்பார் போகட்டும். இது கிழங்கு சார். அதுவும் அந்தக் கிழங்கு.

நான் கையைத் தூக்கினேன்.

பொன்னுசாமி கொஞ்சம் விழித்தார். "அண்ணாச்சி, இது நீங்க கொண்டாந்த கூடை."

"தெரியும். நீங்க ஏலத்த விடுங்க."

ஆசீர் ஏற்றினான். நான் ஏற்றினேன். சிரிப்பு கிளம்பியது. வேறு ஒருத்தரும் கேட்கவில்லை, எல்லாரும் வேடிக்கை பார்க்க வட்டமாக நின்றுகொண்டார்கள். ஆசீர் ஏற்றினான். "விட்டுருங்க அத்தான்" என்றான் தாழ்ந்த குரலில். "நீ விடு" என்றேன். பின்னால் யாரோ, "மச்சானும் மாப்ளையும் பாகம் பிரிக்காங்க" என்றார்கள். ஏற்றினேன். அவன் சட்டைப் பையில் கையை விட்டான், எடுத்துப் பார்த்தான், கால்சட்டைப் பையிலும் பார்த்தான். பிறகு மறுபடி கையைத் தூக்கப் போனவன் தூக்காமல் நின்றுவிட்டான்.

ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். கைதட்டினார்கள். என் பென்ஷனில் பாதி போய்விட்டது. கர்த்தருக்குக் கொடுத்ததைக் காசு கொடுத்துத் திருப்பி வாங்கியவன் இந்த மலையிலேயே நான் ஒருவன்தான்.

இரண்டு பேரும் ஒரே பாதையில்தானே வரவேண்டும். அவன் முன்னால், நான் கூடையோடு பின்னால். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அவன் நின்று கூடையின் ஒரு பக்கக் காதைப் பிடித்துக்கொண்டான். நானும் விடவில்லை, ஆனால் பிடிக்காதே என்றும் சொல்லவில்லை. வாசல் வரை அப்படியே வந்தோம். இந்தப் படியில் வைத்துவிட்டு அவன் அந்த வெட்டின பாதியை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எல்லாத்தையும் நீங்களே தின்னப் போறீங்களா அத்தான்?"

"என் காய். நான் திங்கேன்."

"சரி, தின்னுங்க" என்று பாதியைக் கூடையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

தின்றேன் சார். பொரியல், கூட்டு, சாம்பார், துவையல். காலையில் தோசைக்கு, ராத்திரி கஞ்சிக்கு. தின்று தீரவில்லை. பாதி அழுகிப்போனது. அழுகியதை வேலிக்கு வெளியே கொட்டும்போது அவன் அடுப்படி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாதது அபூர்வம். அதன் பிறகு அவன் கீரை கேட்டு வரவே இல்லை, நானும் மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மழை விட்டு, புது விதை போட்டு, மஞ்சள் நாலு இலை விட்ட பிறகுதான் வேலி ஓரம் வந்து நின்று, "மாடு கேட்டுச்சு அத்தான்" என்றான். கலைத்துக் கொடுத்தேன். அதுதான் நான் முதலில் சொன்னது.

அடக்கத்துக்கு மாதி அம்மா வந்திருந்தார்கள். எல்லாரும் போன பிறகு அவர்களிடம் சொன்னேன், "ஆசீர் இல்லைன்னா என்னம்மா, உங்க மாட்டுக்குக் கீரை நான் யார்கிட்டயாவது குடுத்தனுப்புறேன்" என்று. அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எந்தக் கீரைங்க?"

"பீட்ரூட் கீரை. ஆசீர் கொண்டுவந்து போடுவானே."

"எங்க மாட்டுக்கா? அவர் ஒரு இலை போட்டதில்லைங்களே. தொழுவத்துப் பக்கம்கூட வந்ததில்லை. அவருக்கு மாடுன்னாலே பயமாச்சே."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருஷம். எத்தனை கட்டு. இளசாகப் பார்த்து, கிழங்கு ஒட்டினது ஒட்டினபடி, மண் போகக் கழுவிக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் வாங்கிப்போய்க் குப்பையில் கொட்டியிருக்கிறான் படுபாவி. வேறு என்ன செய்திருப்பான்? எரு கூடினது, உப்பு கம்மி, தண்ணீர் பத்தலை, எல்லாம் அவனாகக் கட்டிச் சொன்னது. ஒரு இல்லாத மாட்டின் பேச்சைக் கேட்டுத் தோட்டம் போட்டிருக்கிறேன். சபையில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை, சிரிப்பார்கள். உங்களிடம்தான் சொல்கிறேன், நீங்கள் வெளியூர்.

வீட்டைக் காலி செய்தபோதும் பார்த்தேன். குப்பைக்குழியில் கீரைத் தண்டு ஒன்றுகூட இல்லை. எங்கே கொட்டினானோ. சமையலறையில் தேங்காய்த் துருவி, சின்ன வாணலி, உப்பு ஜாடி, எலுமிச்சை ஒன்று காய்ந்துபோய்க் கிடந்தது. சாப்பாட்டு மேஜைக்கு அவன் நாற்காலியை எப்படிப் போட்டிருந்தான் என்றால், உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக நேரே என் தோட்டம் தெரிகிற மாதிரி. எனக்கு வேலை ஏவுவதற்கு வசதியாக.

சில நேரம் வேறு மாதிரியும் தோன்றும் சார். தோன்றினால் எழுந்து தண்ணீர் விடப் போய்விடுவேன்.

வாடகையா? அது கிடக்கட்டும், பேசிக்கொள்ளலாம். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். பீட்ரூட் பற்றி நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே வந்து பாருங்கள், ஆனியில் போட்டது. அவன் போன பிறகு போட்டதுதான், இருந்தும் கை எப்போதும் போல் போட்டுவிட்டது. சிவப்பு, நீளம், மஞ்சள், வெள்ளை. நாலு வரிசை இருக்கிறது. ஒரு ஆள் தின்ன ஒரு வரிசை போதும்.